பழைய பிக்கப்பின் சக்கர உறுமல்: முன்னால் கேட்டது, பின்னால் இருந்தது

வண்டிக்கு 22 வயது. டீசல் எஞ்சின், ஐந்து கியர், ஓட்டம் பின்சக்கரத்தில். முன்னால் காயில் ஸ்பிரிங்கும் டிஸ்க் பிரேக்கும், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் டிரம்மும். ஓடோமீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியதும் ஒருநாள் நின்றுவிட்டது. உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த வயதில் சத்தம் வருவது பெரிய செய்தி இல்லை. சத்தம் வராவிட்டால்தான் ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று இறங்கிப் பார்ப்பேன். ஆனால் இந்த உறுமல் வேறு ரகம்.

40 கிலோமீட்டர் வேகத்தில் 'ஊம்' என்று மெல்ல ஆரம்பிக்கும். 50-இல் உறுமலாகும். 60, 65-இல் காலடியில் தரைத்தகடு சேர்ந்து அதிரும். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். தூரத்தில் ஒரு சின்ன விமானம் தாழப் பறந்துகொண்டே நம்மைத் தொடர்ந்து வருவது போல இருக்கும். ஒரே சீராகவும் இருக்காது. 'வூம்… வூம்… வூம்…' என்று ஏறி இறங்கும். எனக்கு அது முன்னால், வலது காலுக்குக் கீழேயிருந்து வருவதாகத்தான் கேட்டது. கடைசி வரை அப்படியேதான் கேட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் சோதனைக்குச் செலவு எதுவும் கிடையாது. ஆளில்லாத நேரான சாலையில் 70-க்குக் கொண்டுபோய், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியது, உறுமல் கொஞ்சமும் இறங்கவில்லை. வண்டி வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. சாவியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. பிரேக்குக்கு உதவும் வேக்கம் தீர்ந்துபோகும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரல் போதும். அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியர் என்று மாற்றிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறியது, உறுமல் மாறவில்லை. ஆக எஞ்சின், சைலன்சர், கிளட்ச் எல்லாம் தப்பித்தன. மீதி நின்றவை டயர், சக்கரம் உரசாமல் சுற்ற உதவும் வீல் பேரிங், கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொபல்லர் ஷாஃப்டும் அதன் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கும், அந்தச் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஜோடிப் பல்சக்கரங்களான கிரவுன்-பினியன் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிலரேட்டருக்குப் பதில் சொல்லும். மிதித்தால் ஊளையிடும், விட்டால் நிற்கும். அல்லது விட்டால் ஊளையிடும், மிதித்தால் நிற்கும். பல்லின் எந்த முகம் தேய்ந்திருக்கிறதோ அந்த முகத்தில் பாரம் ஏறும்போது பாடும். என் வண்டியில் மிதித்தாலும் விட்டாலும் நடுவாந்திரமாகப் பிடித்தாலும் ஒரே குரல்தான். அதை வைத்து டிஃபரன்ஷியலுக்குப் பாதி விடுதலை கொடுத்தேன். மீதிப் பாதி பிறகு கிடைத்தது.

அடுத்தது டயர். கண்ணுக்குப் பார்க்க நான்கும் நன்றாகவே இருந்தன. ஆனால் டயரைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, உள்ளங்கையால் தடவ வேண்டும். கையைத் தட்டையாக வைத்து டயரைச் சுற்றி ஒருமுறை இப்படி, ஒருமுறை எதிர்ப்பக்கம் தடவினால் மேடு பள்ளம் தானாகக் கைக்குத் தெரியும். முன் இடது டயரில் ஓரப் பட்டை முழுக்க அலை அலையாக மேடும் குழியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, பிறகு ஒரு மேடு, மறுபடி குழி. அப்போது நான் அவற்றை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இந்தப் பதிவு பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

சாலையும் சாட்சி சொன்னது. புதிதாகத் தார் போட்ட வழவழப்பான பகுதிக்குள் நுழைந்ததும் சத்தம் சற்றுத் தணிந்தது. பழைய சொரசொரப்புக்கு வந்ததும் ஏறியது. பேரிங் சத்தத்துக்குத் தார் புதிதா பழையதா என்ற அக்கறை அவ்வளவாக இருக்காது. ஆக டயர்தான் என்று முடிவு கட்டி, முன்னால் உள்ள இரண்டையும் பின்னாலும், பின்னால் உள்ளவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டினேன். உறுமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. சரி, டயர் இல்லை என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். நான் செய்த முதல் பிசகு இது. ஒரு சோதனை 'கொஞ்சம்' என்று பதில் சொன்னால் அதை 'இல்லை' என்று மொழிபெயர்த்துக்கொள்வது என் பழைய வியாதி.

பிறகு எல்லோரும் செய்யும் சோதனை: ஓடும்போது ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் ஒடிப்பது. இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கம் சாயும், வலப்பக்கப் பேரிங்குகள் அழுந்தும். கெட்ட பேரிங் வலப்பக்கம் இருந்தால் அப்போது சத்தம் கூட வேண்டும். அகலமான, காலியான இடத்தில் 50-இல் செய்து பார்த்தேன். இடப்பக்கம் ஒடித்தபோது கூடியது போலிருந்தது. வலப்பக்கம் ஒடித்தபோது குறைய வேண்டும் அல்லவா? அப்படியும் குறையவில்லை, சத்தத்தின் சாயல்தான் மாறியது. மங்கலான பதில். ஆனால் காது ஏற்கெனவே 'முன் வலது' என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த மங்கலையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். முன் வலது வீல் பேரிங். தீர்ப்பு எழுதியாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். லேசாக ஆட்டம் இருந்தது. மகனை பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றது. பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்காவிட்டால் அது பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் குமிழ் மூட்டு), நின்றால் பேரிங். இந்த இடத்தில் ரொம்பவே சந்தோஷப்பட்டேன்.

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் முன் ஹப்புக்குள், அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் நடுக்குடத்துக்குள், எதிரெதிராக வைத்த இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். உள்ளே பெரியது, வெளியே சிறியது. காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன் (ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போய்விடும்). மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங், பிறகு ஹப் முழுதாகக் கையில் வந்தது. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரோலர்கள் கண்ணாடி மாதிரி. வெளிவளையத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பட்டை. குழி இல்லை, சூட்டில் நீலம் பாய்ந்த தடமும் இல்லை. இவ்வளவு உறுமலுக்கு இது காரணமாக இருக்க முடியாது என்று அந்த நிமிடமே உள்ளுக்குள் தெரிந்தது. இருந்தாலும் பிரித்தது பிரித்ததுதான். உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, குறுகிய பக்கம் வழியாகக் கிரீஸ் பிதுங்கி வரும் வரை நிரப்பினேன். புது சீல் போட்டேன்.

மாட்டும்போது இறுக்கம்தான் எல்லாம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, பக்கத்தில் கிடைக்கும் துளையில் புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். கடைசியில் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுவது பொதுவான கணக்கு. உங்கள் வண்டிக்கு உள்ள அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் தெரிந்த ஆட்டம், நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்ததால் வந்தது, அவ்வளவுதான். ஆட்டமே இருக்கக் கூடாது என்று இந்த வகைப் பேரிங்கை ரெஞ்ச் போட்டு நெரித்துவிட்டால் சில நூறு கிலோமீட்டரில் வெந்துபோகும்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். உறுமல் பத்திரமாக இருந்தது.

ஒரு வாரம் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றேன். அவர் ஓட்டவில்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னை ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வந்து இறங்கியதும், "முன்னாடி கேக்குதுன்னா முன்னாடிதான் இருக்கணும்னு இல்ல தம்பி. சேஸ் முழுக்க ஒரே இரும்பு. பின்னாடி தட்டினா முன்னாடி மணி அடிக்கும்" என்றார். எது என்று கேட்டதற்கு, "ஒண்ணா இருந்தா சொல்லிருப்பேன்" என்றார். அப்போது அதைப் பெரியவர்கள் பேசும் புதிர் என்று விட்டுவிட்டேன். அவர் நேரடியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை மகனுடையது. போனில் ஒலியை அலைவரிசைவாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. எந்த உறுப்பு விநாடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரிந்தால், அது எந்த ஹெர்ட்ஸில் சத்தம் போட வேண்டும் என்பதும் தெரியும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, டேப்பால் அளந்தோம். 220 சென்டிமீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.67 மீட்டர். வகுத்தால் சக்கரம் விநாடிக்கு 7.58 சுற்று. ஏழரை! பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் இந்த ஏழரையின் மடங்குகள். கையேட்டின்படி கிரவுனில் 41 பல், பினியனில் 10. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற புரொபல்லர் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றும்: விநாடிக்கு 31. ஷாஃப்ட் சமநிலை தவறியிருந்தால் 31 ஹெர்ட்ஸில் உடம்பில் உணரும் அதிர்வு. ஷாஃப்டின் மூட்டான கிராஸ் ஜாயின்டில் சிக்கல் என்றால் பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கு, 62. கிரவுன்-பினியன் பற்கள் ஒன்றோடொன்று சேரும் சத்தம் 41 × 7.58, ஏறக்குறைய 311 ஹெர்ட்ஸ். பேரிங் கணக்கு கொஞ்சம் சுற்றி வளைக்கும். எட்டு குண்டு உள்ள பேரிங்கில் வெளிவளையத்தில் ஒரு குழி இருந்தால், தோராயமாக 0.4 × 8 × 7.58, அதாவது 24 ஹெர்ட்ஸில் குண்டுகள் அதைத் தட்டும். உள்வளையத்தில் என்றால் 0.6 போட்டு 36. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போனின் மைக் சரியாக வாங்காது. வாங்கினாலும் கேபினுக்குள் அந்த எல்லையில் ஏற்கெனவே ஒரே களேபரம். நமக்குக் கேட்கும் உறுமல், அந்தத் தட்டுதலில் ஆக்சிலும் சேஸும் சேர்ந்து ஒலிப்பது. அது ஒரு ஊசியாக நிற்காது, மேடாகப் பரந்து கிடக்கும்.

மகன் போனை சீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நான் இன்னொரு போனின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து 60-ஐப் பிடித்துவைத்தேன். வரைபடத்தில் 311 பக்கம் ஒன்றுமே இல்லை. டிஃபரன்ஷியலுக்கு மீதிப் பாதி விடுதலை. 80-இலிருந்து 250 வரை ஒரு பெரிய மேடு, யானை படுத்த மாதிரி. அந்த யானை முதுகில் ஒல்லியாக ஒரு ஊசி: 106 ஹெர்ட்ஸ். 50-க்கு இறங்கி ஓட்டினால் ஊசி 88-க்கு நகர்ந்தது. 106-ஐ 7.58-ஆல் வகுத்தால் 14. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது பதினான்கு முறை நடக்கும் ஏதோ ஒன்று.

எங்கள் வண்டியில் பதினான்கு எதில் இருக்கிறது என்று இரவு முழுக்க யோசித்தேன். வீல் நட்டு ஆறு. பேரிங் குண்டு பதினான்கு இருந்தாலும் கணக்கு இப்படி முழு எண்ணாக வராது. காலையில் பல் துலக்கும்போதுதான் சுரீரென்றது. அப்படியே போய், இப்போது பின் இடதில் இருந்த அந்த அலை டயரில் ஒவ்வொரு குழிக்கும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பதினான்கு புள்ளி.

ஆக, நான் அடித்துவிட்ட டயர் குற்றவாளிதான். ஆனால் அந்த ஊசி மட்டும்தான் டயர். கீழே படுத்திருந்த யானை வேறு. 'ஒண்ணா இருந்தா சொல்லிருப்பேன்' என்று அண்ணன் சொன்னது இதைத்தான். திரும்பும் சோதனை ஏன் மங்கலாக இருந்தது என்பதும் இப்போது விளங்கியது. கெட்ட பேரிங் வலப்பக்கம், கெட்ட டயர் இடப்பக்கம். இடப்பக்கம் ஒடித்தால் பேரிங் கூடும், டயர் குறையும்; வலப்பக்கம் ஒடித்தால் டயர் கூடும், பேரிங் குறையும். ஒருவர் பொய்யை இன்னொருவர் மறைக்கும் கூட்டு.

இரண்டையும் பிரிக்க நல்ல டயர் வேண்டும். அதே அளவு சக்கரம் ஓடும் நண்பரின் வண்டியிலிருந்து நான்கையும் ஒரு பிற்பகலுக்கு இரவல் வாங்கி மாட்டினேன். ஊசி காணாமல் போனது. யானை கொஞ்சம் இளைத்தது, ஆனால் எழுந்து போகவில்லை. இப்போது ஒடித்துப் பார்த்தால் பதில் பட்டென்று வந்தது: இடப்பக்கம் ஒடித்தால் கர்ஜனை, வலப்பக்கம் ஒடித்தால் ஏறக்குறைய மௌனம். வலப்பக்கப் பேரிங் உறுதி. முன்னால் இருப்பதை நானே கழுவிப் பார்த்துவிட்டேன். மீதி பின்னால்.

இரவல் சக்கரத்தோடு இருபது கிலோமீட்டர் போய், பிரேக்கை அதிகம் தொடாமல் உருண்டு வந்து நிறுத்தி, இரண்டு பின் டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனேன். இடதுபக்கம் வெதுவெதுப்பு, வலதுபக்கம் கையை அருகில் வைத்திருக்க முடியாத சூடு. பிரேக் ஷூ உரசினாலும் இப்படிச் சூடேறும் என்பதால் இதை மட்டும் வைத்துப் பேரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் நாளே நான்கு சக்கரத்தையும் இப்படித் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னால் ஆக்சிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். சக்கரத்தைக் கையால் ஆட்டினால் அசைவே இல்லை. ஆட்டம் இல்லாத பேரிங் நல்ல பேரிங் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளவும். பின்னால் இன்னொரு ஏமாற்றும் உண்டு. புரொபல்லர் ஷாஃப்ட் நின்றிருக்க வலச்சக்கரத்தைச் சுற்றினால், டிஃபரன்ஷியல் வழியாக இடச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு பேரிங்கும் ஒரே நேரத்தில் ஓடும். எனவே காதால் பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆக்சிலின் கோடியில், பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டேன். மகன் மெல்லச் சுற்றினான். இடதுபக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று பட்டுத்துணி இழுபடும் ஒலி. வலதுபக்கம் வாயில் மணல் கடிபட்டது போல நறநற. கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆன விஷயத்தை உறுதிப்படுத்த ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே ஈரம். பிரேக் ஷூவைத் தாங்கும் பின்தகட்டின் அடிப்பாதி முழுக்கக் கறுத்த எண்ணெய், பிரேக் ஷூவின் லைனரிலும் ஊறியிருந்தது. மோந்து பார்த்தால் கியர் ஆயிலின் அந்தக் கந்தக வாடை. ஆயில் சீல் எப்போதோ போயிருக்கிறது.

இந்த ஆக்சிலில் பேரிங் ஷாஃப்டின் மேலேயே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பூட்டு வளையமும் அப்படியே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இரண்டும்தான். அதனால்தான் இந்த உறுமலை 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விடக் கூடாது. பிரேக் பைப்பைக் கழற்றி மூடி, ஹேண்ட் பிரேக் கேபிளை விடுவித்து, பின்தகட்டின் பின்னாலிருந்து நான்கு நட்டுகளை எடுத்தேன். ஷாஃப்ட் அசையவில்லை. இதை இழுத்துத் தட்டிக் கழற்றும் ஸ்லைடு ஹாமர் என்னிடம் இல்லை. பழைய வித்தை ஒன்று கைகொடுத்தது: டிரம்மைத் திருப்பி மாட்டி, வீல் நட்டுகளை ஸ்டட்டின் நுனியில் மட்டும் சில சுற்று ஏற்றி, டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் வெடுக்கென்று இழுப்பது. டிரம் நட்டுகளில் மோதும் அதிர்ச்சியில் மூன்றாவது இழுப்புக்கு ஷாஃப்ட் வந்தது. வரும்போது கீழே சாயாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஷாஃப்டில் இருந்தபடியே பேரிங்கின் வெளிவளையத்தைக் கையால் சுற்றினேன். கால் சுற்று வழவழவென்று போய், ஒரு இடத்தில் பிடித்து, தாண்டி, மறுபடி பிடித்தது.

புதியதை ஏற்றுவது ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில். பழையதை எடுக்கும் வேலையை நானே செய்தேன். பூட்டு வளையத்தில் கிரைண்டரால் ஒரு வெட்டு, ஷாஃப்டைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பு வரை. பிறகு அந்த வெட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. 'டக்' என்று வளையம் விரிந்துகொடுத்தது. அந்த ஒரு மில்லிமீட்டரில் பொறுமை இழந்து ஷாஃப்டைக் கீறிவிட்டால், அந்தக் கீறலிலிருந்து விரிசல் தொடங்கலாம். ஏற்றும்போது வரிசை முக்கியம். முதலில் பின்தகடும் பேரிங் கூடும், அப்புறம் பேரிங், கடைசியில் புதுப் பூட்டு வளையம். பட்டறையில் பேரிங்கைப் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்த பிறகுதான், பின்தகடு வீட்டிலேயே, ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் கிடப்பது நினைவுக்கு வந்தது. "அண்ணே நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் புதுப் பேரிங்கையும் வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும். அழுத்தும் விசை உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்தில் விழுந்தால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும், புதுப் பேரிங்கே உறுமத் தொடங்கும்.

பழைய பேரிங்கைச் சும்மா தூக்கிப் போட மனம் வரவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளிவளையத்தை அறுத்துத் திறந்தேன். கிரீஸ் என்று ஒன்று இல்லை, சேற்று நிறத்தில் நீர்த்த எண்ணெய்தான் இருந்தது. வெளிவளையத்தின் ஓடுபாதையில் கால்வட்ட நீளத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். மீதி முக்கால் வட்டம் இன்னும் பளபளப்பு. வெளிவளையம் சுற்றுவதில்லை. வண்டியின் பாரம் எப்போதும் அதன் மேல்வளைவில்தான் இறங்குகிறது. இத்தனை வருடம் அந்த ஒரே கால்வட்டம்தான் சுமந்திருக்கிறது. நகத்தால் வருடினால் ஒவ்வொரு குழியும் நகத்தில் தட்டியது.

சீல் ஏன் போனது என்பது தனிக் கேள்வி. வயது ஒரு காரணம். ஆனால் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன மூச்சுக் குழாய் உண்டு, பிரீதர். அதன் மூடி அசைய வேண்டும். என்னுடையதில் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. ஓடும்போது எண்ணெய் சூடாகும், உள்ளே காற்று விரியும், போக வழியில்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால், எதிர்மாறாக, தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கசிந்த கியர் ஆயில் பேரிங்கின் கிரீஸைக் கரைத்திருக்கும் என்பது என் கணிப்பு. கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்று அடித்தபின் மூடி மறுபடி ஆடத் தொடங்கியது. இந்த முழுக் கூத்திலும் செலவே இல்லாத வேலை இதுதான்.

மற்றவை வேகமாக முடிந்தன. புது ஆயில் சீல், அதன் உதட்டில் கிரீஸ். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் எடை சீலின் மேல் சாயாமல் தூக்கிப் பிடித்தோம். எண்ணெய் குடித்த ஷூ திரும்பத் தேறாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினேன். பிரேக் பைப்பைத் திறந்ததால் காற்று எடுத்தேன். கியர் ஆயிலை வடித்தபோது வடிபிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, சில்லு எதுவும் இல்லை. 80டபிள்யூ-90 ஜிஎல்-5 எண்ணெயை, ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்பினேன்.

என் டயர்களையே மறுபடி போட்டு ஓட்டினேன். 60-இல் யானை இல்லை. ஊசி மட்டும் 106-இல் நின்றது, காதுக்கு அது மெல்லிய ரீங்காரம். அலை டயருக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். முன் இடது மூலையை அழுத்திவிட்டால் வண்டி இரண்டரை முறை ஊஞ்சலாடியது. ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தது. அது பிடிக்காததால் டயர் சாலையில் தத்தித் தத்தி ஓடி, விழும் இடங்களில் குழி பறித்திருக்கிறது. முன் ஷாக் இரண்டையும் மாற்றினேன். டயரில் விழுந்த குழி இனி ஆறாது. அது பின்னாலேயே இருந்து தேய்ந்து முடியட்டும்.

500 கிலோமீட்டர் கழித்து டிரம்மைத் திறந்தேன். பின்தகடு காய்ந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. திரும்பி வரும் வழியில் மகன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "அப்பா, அது என்ன டிக் டிக்?" என்றான். பின்கதவின் இடது கொக்கி தகரத்தில் தட்டுகிறது. எத்தனை வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறதோ, இப்போதுதான் கேட்கிறது.